ஒரே தரவு, இரண்டு முடிவு: எந்த டி சோதனையை எழுதுவது?

நாற்று நட்ட வயலுக்கும் வீசி விதைத்த வயலுக்கும் விளைச்சலில் வேறுபாடு உண்டா என்பதே என் இறுதியாண்டு ஆய்வு. அது கடைசி அட்டவணையில் முட்டி நிற்கிறது.

இடம் மட்டக்களப்பு, வவுணதீவுப் பக்கம். பெரும்போகம், எல்லாம் ஏ.டி. 362 நெல்லினம். நடுகை வயல்கள் 12, விதைப்பு வயல்கள் 9. வெவ்வேறு விவசாயிகளுடையவை, ஆகவே வயல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒப்பிடும் சோடிச் சோதனை பொருந்தாது. இரண்டு தனிக் குழுக்களின் இடைகளை (சராசரிகளை) ஒப்பிடும் டி சோதனைதான் வழி. ஈரப்பதத்தை 14 சதவீதத்துக்குச் சீராக்கிய பின் இடை முறையே ஹெக்டேயருக்கு 5.1, 4.3 தொன், நியம விலகல் 0.6, 1.1. விதைப்பு வயல்களில் வாய்க்காலோரம் கதிர் சாய்ந்து கிடக்கும், மேட்டுப் பக்கம் மண் தெரியும். விலகல் கூடியதில் வியப்பில்லை.

எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிவர மென்பொருள் டி சோதனைக்கு இரண்டு வரி தருகிறது. இரு குழுக்களின் மாறற்றிறன் (விலகலின் வர்க்கம்) சமம் என்றால் பி பெறுமதி 0.045, அதாவது வழக்கமான 0.05 எல்லைக்குள்; சமமில்லை என்றால், அதாவது வெல்ச் முறையில், 0.073. மாறற்றிறன்கள் சமமா என்று பார்க்கும் லெவீன் சோதனையோ 0.07 என்று எல்லையருகே நிற்கிறது. தரவைத் தரவரிசைப்படுத்தி ஒப்பிடும் மான்-விற்னி சோதனையில் 0.08. விளைச்சல் எண்களுக்கு மடக்கை (log) எடுத்தும் பார்த்தேன், விலகல் வேறுபாடு இன்னும் கூடியது. இனி புதிதாக வயல் சேர்க்க வழியில்லை, அறுவடை முடிந்துவிட்டது.

"நல்ல விடை வரும் வரியைப் போடு" என்கிறார்கள் நண்பர்கள். அதற்குப் பெயர் ஆய்வா?

சிறிய மாதிரியில்தான் விலகல் பெரிது என்பதால், லெவீன் முடிவைப் பொருட்படுத்தாமல் வெல்ச் விடையை மட்டும் அறிக்கையில் எழுதுவது சரியா?