மாசியில் செரெங்கெட்டி: அறுவடை முடிந்து பெற்றோருடன் போக எந்தப் பகுதி சரி?

நீடாமங்கலம்:
சம்பா அறுவடை தைக் கடைசியில் முடிந்துவிடும். அதன்பிறகு கொஞ்ச நாள் கை ஓய்வு. அப்பா (வயது 66), அம்மா, நான், மனைவி என நான்கு பேர் தான்சானியாவின் செரெங்கெட்டி பூங்காவுக்கு சஃபாரி போக எண்ணம். ஏஜென்ட், "மாரா ஆற்றை வில்டபீஸ்ட் (மாடு போன்ற மான்) கூட்டம் கடப்பதைப் பார்க்க ஜூலை, ஆகஸ்டில் வாங்க" என்கிறார். அது குறுவையும் சம்பா நாற்றங்காலும் ஒன்றாக நிற்கும் நேரம், ஊரை விட்டு நகர முடியாது. பிப்ரவரி கடைசியில் போனால் வீணா? எங்கே, எத்தனை நாள் தங்கலாம்? அப்பாவுக்கு முதுகுவலி உண்டு. நாங்கள் சைவம்.

கும்பகோணம்:
வீண் இல்லை தம்பி, அதுதான் நல்ல காலம். வில்டபீஸ்ட் கூட்டம் மழையையும் புல்லையும் தேடி ஆண்டு முழுக்கச் சுற்றிவரும். ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றுப் பக்கம். ஜனவரி கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை தெற்கே என்டுட்டு சமவெளி. அங்கேதான் கன்று போடும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கூட்டம், சினையானவற்றில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வாரத்துக்குள் ஈன்றுவிடும். பிறந்த கன்று சில நிமிடத்தில் எழுந்து தாயோடு ஓடும். சிங்கம், சிவிங்கிப்புலி, கழுதைப்புலி எல்லாம் அந்தச் சமயம் அங்கேயே சுற்றும். ஆற்றங்கரையில் மணிக்கணக்காகக் காத்திருந்தும் கடப்பதைப் பார்க்காமல் திரும்புவோர் நிறைய.

அந்த இடத்துக்கே ஏன் வருகிறது என்பதை மண்ணை வைத்துச் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். அது எரிமலைச் சாம்பல் படிந்த மண்; சுண்ணாம்பும் பாஸ்பரஸும் அதிகம். சற்றுக் கீழே சுண்ணாம்பு இறுகிக் கெட்டித் தட்டாகிக் கிடக்கும். மரவேர் இறங்காது, குட்டைப் புல்தான் வளரும். பால் கொடுக்கும் தாய்க்குச் சத்து அந்தப் புல்லில் இருக்கிறது, மறைவில்லாததால் எதிரி வருவதும் தூரத்திலேயே தெரியும்.

அருஷா நகரில் ஓர் இரவு, என்டுட்டுவில் மூன்று, பூங்காவின் நடுவிலுள்ள செரொனெராவில் இரண்டு, திரும்பும்போது ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் ஒன்று. சிறுத்தைக்கு செரொனெரா ஆற்றோர மரங்கள். கிளையிலிருந்து தொங்கும் வாலைத் தேடச் சொல்லுங்கள், உடம்பு கண்ணில் படாது. விளிம்பு 2,200 மீட்டருக்கு மேல், இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் தாங்காது.

பணத்தில் கவனம். என்டுட்டு பெரும்பகுதி ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியில் வருகிறது, செரெங்கெட்டி பூங்கா வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம். பூங்கா அனுமதி 24 மணி நேரக் கணக்கு, வாசலை விட்டு வெளியேறத் தாமதமானால் இன்னொரு நாள் கட்டணம் விழும். மொத்தமாக ஒரே தொகை சொல்லும் ஏஜென்டிடம் எந்த வாசலுக்கு எத்தனை நாள் என்று பிரித்து எழுதி வாங்குங்கள். மார்ச் நடுவைத் தாண்டவிடாதீர்கள்: பெருமழை தொடங்கினால் அங்குள்ள கரிசல் மண் டயரைப் பிடித்துக்கொள்ளும்.

மயிலாடுதுறை:
ஊசி விஷயத்தை முதலில் முடியுங்கள். நைரோபி அல்லது அடிஸ் அபாபா வழியாக வருவீர்கள் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கையில் இருக்கட்டும், இரண்டும் அந்தக் காய்ச்சல் அபாயம் உள்ள நாடுகளில் இருக்கின்றன. சான்று ஊசி போட்ட 10-வது நாளிலிருந்துதான் செல்லும், பிறகு ஆயுளுக்கும் போதும். சான்று இல்லாமல் அந்த வழியே திரும்பினால் இந்தியாவில் 6 நாள் வரை தனிமைப்படுத்த முடியும். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள்; பாஸ்போர்ட் அவசியம், முன்பதிவு எப்படி என்று விசாரித்துவிட்டுப் போங்கள். 60 வயதைத் தாண்டி முதல் முறை போடுவோருக்குப் பக்கவிளைவு அபாயம் கூடுதல். அப்பாவை முதலில் மருத்துவரிடம் காட்டி முடிவெடுங்கள். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுவிடலாம்.

பிளாஸ்டிக் கேரிபேக் தான்சானியாவில் 2019 ஜூனிலிருந்து தடை. முறுக்கு, பருப்புப்பொடி எல்லாம் டப்பாவில், துணிப்பையில். மதியத்துக்குக் கட்டித்தரும் பெட்டியில் வழக்கமாகக் கோழியும் முட்டையும் இருக்கும். "இறைச்சி, மீன், முட்டை மூன்றும் வேண்டாம்" என்று விடுதி ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் போகட்டும். கருப்பு, கருநீல உடை வேண்டாம், கடிக்கும் செட்சே ஈ அந்த நிறங்களைத் தேடி வரும்.

நீடாமங்கலம்:
நன்றி அண்ணே. வண்டியில் அப்பாவை எங்கே உட்கார வைப்பது? கேமராவுக்கு ஸ்டாண்டு வேண்டுமா?

வேதாரண்யம்:
அப்பாவுக்கு நடு வரிசை. பின் அச்சுக்கு மேலே உள்ள கடைசி இருக்கையில்தான் குலுக்கல் அதிகம். ங்கோரோங்கோரோ வாசல் வரை தார்ச்சாலை, அதற்குப் பிறகு மண் சாலை. இடுப்புப் பட்டை கொண்டுபோங்கள். நான்கு பேருக்குத் தனி லேண்ட் குரூசர், ஆளுக்கொரு ஜன்னல், இரண்டு உபரி டயர் என்று பேசி முடியுங்கள்.

ஸ்டாண்டு வண்டிக்குள் உதவாது. காலியான துணிப்பை ஒன்று கொண்டுபோய் அருஷாவில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பி, வண்டியின் திறந்த கூரைச் சட்டத்தில் வைத்து அதன் மேல் லென்ஸைச் சாயுங்கள். படம் எடுக்கும்போது எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள், அதிர்வில் படம் கலங்கும். 400 எம்எம் லென்ஸ் போதும். தூசியில் லென்ஸ் மாற்றாதீர்கள். பகல் பத்து மணிக்கு மேல் தூரத்து விலங்கு மங்கலாக விழுந்தால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள், தரையிலிருந்து எழும் கானல் அது. போவதற்கு முன் கோடியக்கரையில் வெளிமான்களை ஒரு காலையும் ஒரு நண்பகலும் எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் அங்கேயே தெரியும்.

ஒன்றை மட்டும் ஓட்டுநரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஈன்றுகொண்டிருக்கும் தாயை வண்டி நெருங்கக் கூடாது. தாய் மிரண்டு ஓடினால், அதன் வாசனை பழகாத கன்று எதிரே நகரும் எதன் பின்னாலும் போகும், வண்டியானாலும் கழுதைப்புலியானாலும். கன்று எழுந்து பால் குடிக்கும் வரை தள்ளியே நிறுத்தச் சொல்லுங்கள்.