வார வேலையைத் திட்டமிடச் சாட்பாட்டை நம்பலாமா? ஆடிக் கடைசி நெருக்கடியில் ஒரு வாக்குவாதம்

பழைய_வண்ணை_தையல்:
ஆவணி முதல் முகூர்த்தத்துக்கான பிளவுஸ்கள், எம்.சி. ரோட்டில் ஆடித் தள்ளுபடியில் புடவை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தவர்களின் பிளவுஸ்கள், பையனுக்குப் பரீட்சை, மாமியாருக்கு சுகர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரி வரிசை, சீட்டுப் பணம், ஞாயிற்றுக்கிழமை தெருக்கோயிலில் கூழ். எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நின்றன. அந்த வாரத்தை நான் சாட்பாட்டை வைத்துத்தான் ஓட்டினேன். நன்றாகவே ஓடியது. வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

எல்லோரும் படுத்த பிறகு போனில் மைக்கை அழுத்தி, தமிழிலேயே, வரிசை எதுவும் பார்க்காமல் மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். கடைசியில் "உடனே டைம் டேபிள் போடாதே, தெரியாததை முதலில் என்னிடம் கேள்" என்றேன். அது கேட்ட கேள்விகள்தான் விஷயமே. லைனிங் வைத்த பிளவுஸ் ஒன்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும், எதற்கு ஆள் வந்து போட்டுப் பார்க்க வேண்டும், எந்தத் தேதியைத் தள்ளலாம், எதைத் தள்ளவே முடியாது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் வாரத்தில் இவ்வளவு மணி நேரம் இல்லை, எதை விடப் போகிறீர்கள் என்று கேட்டது. இந்தக் கேள்வியை என் வீட்டில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. தள்ளுபடிப் புடவைக்காரர்களுக்கு அப்போதே போன் போட்டு, முகூர்த்தம் முடிந்துதான் தருவேன் என்று சொல்லிவிட்டேன். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அப்புறம் புதன்கிழமை எங்கள் பகுதியில் பராமரிப்புக்காக மின்நிறுத்தம், காலை 9 முதல் மதியம் 2 வரை. மோட்டார் மிஷின் ஓடாது. துணி வெட்டுவது, ஊக்கு வைப்பது, ஹெம்மிங் எல்லாவற்றையும் அந்த நேரத்தில் வைத்து, மிஷினில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக்கை முந்தின நாள் ராத்திரிக்கு நகர்த்திக் கொடுத்தது. கரண்ட் வந்தபோது கைவேலை முடிந்து கிடந்தது.

பெரம்பூர்_லோகோ_ஓய்வு:
தங்கச்சி, கரண்ட் இல்லாதபோது கைவேலை பார்க்கலாம் என்பது தையல்காரியான உனக்குத் தெரியாதா? அது உன் தொழில் அறிவு. உன் வாயிலிருந்து வாங்கி உனக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறது. அதை அதன் கணக்கில் எழுதாதே.

எனக்கு இதில் பெரிய மறுப்பு இருக்கிறது. வேலையில் இருந்த காலத்தில் ஆட்களுக்கு டூட்டி போட்டவன் நான். ரயில்வே கால அட்டவணையைப் பார்த்தால், வண்டி ஓடத் தேவையான நேரத்துக்கு மேலே கொஞ்சம் நேரத்தைச் சேர்த்துத்தான் போட்டிருப்பார்கள். தண்டவாள வேலைக்கு இவ்வளவு, தாமதத்தை ஈடுகட்ட இவ்வளவு என்று. அந்தச் சும்மா இருக்கும் நிமிடங்கள்தான் முழு அட்டவணையையும் காப்பாற்றும். சாட்பாட்டிடம் இதெல்லாம் இந்த வாரத்துக்குள் முடிய வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், காலை 5 மணியிலிருந்து ராத்திரி 11 வரை ஒரு பொட்டு இடம் விடாமல் நிரப்பிக் கொடுக்கும். முடியாது என்று அதுவாகச் சொல்லாது. மனிதனுக்குப் பிடித்த மாதிரி பேசுவது அதன் சுபாவம். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு புதுப்பிப்பு எதைச் சொன்னாலும் ஆஹா ஓஹோ என்கிறது என்று புகார் வந்து, அந்த நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. அப்படிப்பட்ட ஒன்றிடம் போய் என் வாரம் சரியா என்று கேட்பதா?

எண்ணூர்_ஷிப்ட்:
சார் சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். எனக்கு ஏ, பி, சி என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். என்னை மாற்றிவிட அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், வரவில்லை என்றால் டபுள் டூட்டி. மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி நின்றுவிட்டால் வீட்டுக்குப் போகும் நேரத்தைக் கடவுள்தான் சொல்ல வேண்டும். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு டவுனுக்குப் போய் வருவது நிச்சயமாகியிருக்கிறது, ஆனால் எங்கள் பக்கம் கேட்டிலிருந்து வீடு வரையிலான அந்தத் துண்டு ரோடு அப்படியேதான் இருக்கிறது. இந்த லட்சணத்தில் அது அரை மணி அரை மணியாகக் கட்டம் போட்டுத் தந்தது. ராத்திரி முழுக்கச் சி ஷிப்ட் முடித்து வருகிறவனுக்குக் காலை 7 மணிக்கு நடைப்பயிற்சி. எனக்குத் தேவை தூக்கம்.

திங்கள்கிழமையே கலைந்துபோகிற திட்டம் எதற்கு? கலைந்ததைப் பார்த்து நமக்குத்தான் குற்ற உணர்ச்சி.

வியாசர்பாடி_டெஸ்டர்:
கருவி என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு திட்டினால் நல்லது. அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுவதுதான் அதன் அடிப்படை வேலை. அதற்குள் கடிகாரம் கிடையாது. இன்று என்ன தேதி என்பதை அந்தச் செயலி தனியாகச் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு. அதனால் தேதியும் கிழமையும் இடிக்கும். "வருகிற வெள்ளி" என்று சொல்லாமல் தேதியோடு கிழமையையும் சேர்த்துச் சொல்லுங்கள். "ஆடி 28" என்று தமிழ்த் தேதி கொடுத்தால் மாற்றும்போது தப்பு வர வாய்ப்பு அதிகம், காலண்டர் தாளைப் பார்த்து ஆங்கிலத் தேதியாகவே கொடுங்கள். ராகு காலமும் அப்படித்தான். திங்கள்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்பது நமக்கு மனப்பாடம், ஆனால் கல்யாண பிளவுஸை அந்த நேரத்தில் வாங்க யாரும் வரமாட்டார்கள் என்பதை நாம் சொல்லாமல் அது கணக்கில் எடுக்காது.

லோகோ ஐயா, இடம் விடாமல் நிரப்புகிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் கோளாறு நம்மிடமிருந்துதான் போகிறது. தன் வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதினார்கள். அக்கா ஒரு பிளவுஸுக்கு இரண்டு மணி நேரம் என்று சொன்னால் அது நம்பிவிடும். நடுவில் வாசலில் தண்ணி லாரி வந்து குடத்தோடு ஓடியதை யார் கணக்கில் சேர்ப்பது? போன தடவை உண்மையில் ஆன நேரத்தைக் கொடுங்கள், ஒரு நாளில் கால்வாசியைக் காலியாக விடு என்று கட்டளையும் கொடுங்கள். கேட்கும்.

பெரம்பூர்_லோகோ_ஓய்வு:
இத்தனையும் சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவனுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் போதும், தம்பி. கையால் எழுதும்போது இந்த வேலை இங்கே உட்காராது என்று புத்திக்கு எட்டும். அந்த யோசனையை வெளியில் கொடுத்துவிட்டால் அப்புறம் அது நமக்கு வராது. என் கவலை அதுதான்.

பழைய_வண்ணை_தையல்:
ஐயா, நோட்டு என்னிடம் இருக்கிறது. அளவு, துணி, முன்பணம் எல்லாம் அதில்தான். ஆனால் நோட்டு திருப்பிக் கேள்வி கேட்காது. ஒன்பது மணிக்கு மேல் எனக்கு உட்கார்ந்து யோசிக்கத் தெம்பு இல்லை, பேசத்தான் தெம்பு இருக்கிறது. பேசினால் எழுதிக்கொள்கிற ஒன்று கிடைத்தால் அதை ஏன் வேண்டாம் என்பது?

திங்கள்கிழமை கலைந்தது எனக்கும்தான். மாமியாருக்கு மயக்கம் வந்து மதியம் முழுக்கப் போய்விட்டது. சாயங்காலம் "மதியம் போச்சு, மிச்சத்தை மாற்றிக் கொடு" என்று ஒரு வரி சொன்னேன், மாற்றிக் கொடுத்தது. நோட்டில் என்றால் அடித்து அடித்து எழுதிவிட்டு அழுதிருப்பேன்.

காசிமேடு_ஏலம்:
எங்கள் வீட்டு அனுபவம். அம்மா மீன் ஏலம் எடுத்துத் தெருவில் விற்கிறார், கணக்கும் போனும் நான் பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்களுக்கு ஒரு வாழ்க்கை, மற்ற மாதங்களில் வேறு வாழ்க்கை. போட் எப்போது வரும், எவ்வளவு மீனோடு வரும் என்பது கையில் இல்லை. மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தருகிற அலை, காற்று அறிவிப்பைப் பார்ப்போம், அதற்கு மேல் கடல்தான்.

அதனால் நான் மணிக் கட்டம் கேட்பதே இல்லை. "போட் வந்தால் இது, வரவில்லை என்றால் இது, வந்தும் வஞ்சிரம் விலை ஏறி எடுக்க முடியாமல் போனால் இது" என்று மூன்று பட்டியல் கேட்பேன். விடியற்காலை அம்மா போன் செய்தால் எந்தப் பட்டியல் என்று மட்டும் சொல்லிவிடுவேன். எண்ணூர் அண்ணே, உங்கள் ஷிப்டுக்கும் இது சரிப்படும். ரிலீவர் வந்தால் ஒன்று, வராவிட்டால் ஒன்று.

எண்ணூர்_ஷிப்ட்:
இது கேட்க நன்றாக இருக்கிறது. கட்டம் போடாமல் இப்படித் தந்தால் பார்க்கலாம். ஆனால் டபுள் டூட்டி போடாமல் ஆள் எடுக்க வேண்டியது கம்பெனி. அதைச் சமாளிக்கிற திட்டத்தை நான் ராத்திரி உட்கார்ந்து போட வேண்டியிருக்கிறது என்பதில் எனக்குக் கோபம் இருக்கிறது, அது இருக்கட்டும்.

கொருக்குப்பேட்டை_செவிலி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் திட்டம் நன்றாக வந்ததா இல்லையா என்றே பேசுகிறீர்கள். தையல் அக்கா, உங்கள் பதிவை மறுபடி படித்துப் பாருங்கள். பிளவுஸ் உங்கள் வேலை, சரி. பரீட்சை, ஆஸ்பத்திரி வரிசை, சீட்டுப் பணம், கூழுக்கு மாவு, இவை ஏன் உங்கள் வாரத்தில் மட்டும் இருக்கின்றன? உங்கள் வீட்டுக்கார அண்ணன் பெயர் எங்கேயும் இல்லை. அந்த மெஷின் அவரைப் பற்றிக் கேட்டதா?

மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவழிக்கிறார்கள், அதைச் செய்கிற ஆண்கள் 88 நிமிடம். 2019 ஆய்வில் இது 299-ம் 97-ம். பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. இந்த இடைவெளியை அப்படியே வைத்துக்கொண்டு, பெண்ணின் பக்கத்து நிமிடங்களை மட்டும் இன்னும் நெருக்கி அடுக்கிக் கொடுக்கிறது உங்கள் சாட்பாட். நீங்கள் சமாளித்துவிட்டதால் அடுத்த மாதம் இன்னும் இரண்டு வேலை வந்து சேரும். நான் வார்டில் தினமும் பார்க்கிறேன், எல்லாவற்றையும் நேரத்துக்கு முடித்துவிட்டு, தன் பிரஷர் மாத்திரையை மட்டும் போட மறந்துவிட்டு வந்து படுக்கிற பெண்களை.

இன்னொன்று, மாமியாரின் சுகர் அளவு, வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர் இதையெல்லாம் கொட்டினீர்களா? நம் உரையாடலை அந்த மெஷினின் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிற வசதி செட்டிங்கில் இருக்கிறது, அதை அணையுங்கள். "வாடிக்கையாளர் 1, 2" என்று சொன்னால் போதும்.

பழைய_வண்ணை_தையல்:
நம்பர் எதுவும் சொல்லவில்லை, பெயர் சொன்னேன். அந்த செட்டிங்கை இப்போதே அணைக்கிறேன்.

கணவர் விஷயம். அவர் துறைமுகத்தில் லோடு வேலை, வந்தால் களைத்துத்தான் வருவார். ஆனால் நீ சொல்வதற்கு அது பதில் ஆகாது, நானும் களைத்துத்தான் இருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பட்டியலைப் பக்கத்துக் கடையில் பிரின்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அதற்கு முன்னால் என் வேலை எவ்வளவு என்று அவர் பார்த்ததில்லை, ஏனென்றால் அது என் மண்டைக்குள் இருந்தது. பார்த்துவிட்டு, கேட்காமலே சீட்டுப் பணத்தை அவரே கொண்டுபோய்க் கட்டினார். வாயால் நான் எத்தனையோ தடவை சொன்னபோது நடக்காதது இது.

கொருக்குப்பேட்டை_செவிலி:
நல்லது. ஆனால் ஒட்டியது நீங்கள், பிரின்ட் எடுத்தது நீங்கள், நினைவில் வைத்து அதனிடம் பேசியதும் நீங்கள். அவர் ஒரு வேலையைச் செய்து உதவினார். நான் கேட்பது அந்த வேலை யாருடையது என்பதை. சீட்டுத் தேதி எப்போது என்று அவர் மண்டையில் இருக்கிறதா? அடுத்த மாதமும் நீங்கள் ஞாபகப்படுத்தினால்தான் போவாரா?

வியாசர்பாடி_டெஸ்டர்:
இது சரியான கேள்வி. முதல் வரியிலேயே "வீட்டில் நான்கு பேர், ஒவ்வொருவரும் எந்த நேரத்தில் இருப்பார்கள் என்று கேட்டுப் பிரித்துக் கொடு" என்று சொன்னால் பிரித்துத் தரும். சொல்லாவிட்டால் பேசுகிறவர் பெயரிலேயே எல்லாவற்றையும் எழுதும்.

கொருக்குப்பேட்டை_செவிலி:
பிரித்துத் தரும், தம்பி. ஆனால் அக்கா போனில் அக்கா கேட்டு வாங்கிய பட்டியலை அண்ணனிடம் கொடுத்தால், கொடுக்கிற வேலையும் செய்தாரா என்று பார்க்கிற வேலையும் அக்காவுக்கே சேரும். அவர் போனில், அவர் குரலில், அவர் பேசட்டும்.

பெரம்பூர்_லோகோ_ஓய்வு:
இந்த ஒரு இடத்தில் எனக்கு மறுப்பு இல்லை. என் வீட்டு அம்மா இப்போது இல்லை, அவள் மண்டையில் எவ்வளவு வைத்திருந்தாள் என்பது கேஸ் புக்கைத் தேடும்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் எழுத வேண்டியது நோட்டில்தான் என்பதில் மாற்றமில்லை. அவரும் உட்கார்ந்து எழுதட்டும்.

பழைய_வண்ணை_தையல்:
நோட்டா போனா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும், ஐயா. சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உட்காரச் சொல்லியிருக்கிறேன், பையனும் கூட இருப்பான். ஆஸ்பத்திரி மாத்திரை, தண்ணி லாரி, சீட்டு மூன்றும் தேதியோடு அவர் பக்கம் போகிறது. நான் ஞாபகப்படுத்த மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன்.