லா வெனேனோ பற்றின புத்தகம் ஆராவது வாசிச்சிருக்கிறீங்களோ?

பரந்தன்_சந்தி

வணக்கம் எல்லாருக்கும். போன மாசம் வெனேனோ எண்ட ஸ்பானிய சீரியல் பாத்தனான், எட்டுப் பாகம், வீட்டில எல்லாரும் படுத்தாப்பிறகு நுளம்பு வலைக்குள்ள ஹெட்செட்டைக் கொழுவிக்கொண்டு போனில பாத்து முடிச்சது. லா வெனேனோ எண்ட பட்டப்பேரால அறியப்பட்ட கிறிஸ்டினா ஓர்டிஸ் எண்ட திருநங்கையின்ர கதை, 1996ல மட்ரிட்டில ஒரு ராத்திரி ரிவி நிகழ்ச்சியில வந்து நாடு முழுக்கத் தெரிஞ்சவ. ஏதோ புத்தகத்தை வைச்சுத்தான் எடுத்ததாம். அது எப்பிடி? எது உண்மை, எது சோடிச்சது எண்டு அறிய ஆசையாக் கிடக்கு. எனக்கு ஸ்பானிஷ் ஒரு சொல்லும் தெரியாது. தமிழில இப்பிடி ஏதும் இருந்தாலும் சொல்லுங்கோ, தங்கச்சியும் கூட இருந்து கொஞ்சம் பாத்தவள், அவள் கேட்ட கேள்வியளுக்கு எனக்கு மறுமொழி சொல்லத் தெரியேல்ல.

மல்லாவியான்

தம்பியோ தங்கச்சியோ தெரியேல்ல, வணக்கம். நான் இப்ப பிரான்சில. குசினியில கூட வேலை செய்த ஸ்பெயின் மனிசியிட்டத்தான் அந்தப் பாஷை பழகினனான், புத்தகமும் அவ தந்ததுதான். தலைப்பு "டீகோ! நி புத்தா நி சாந்தா". டீகோ எண்டுறது லா வெனேனோ வாய்க்கு வாய் சொல்லுற சொல்லு, எங்கட ஆக்கள் "பின்னை!" எண்டு இழுக்கிறமாதிரி. மிச்சம் வேசையும் இல்லை அர்ச்சிஷ்டவளும் (புனிதையும்) இல்லை எண்டு வரும், மடு மாதா கோயிலுக்குப் போய் வாற சனத்துக்கு அந்தச் சொல்லு விளங்கும்.

எழுதினது வலேரியா வேகாஸ், அவவும் ட்ரான்ஸ் பெண்தான். படிக்கிற காலத்தில போய்ப் பழகி, வருசக்கணக்கா இருந்து கதை கேட்டு எழுதினவ. பதிப்பகங்கள் எடுக்கேல்ல, தானே அச்சடிச்சு 2016 ஒக்ரோபரில வெளியில விட்டவ. அடுத்த மாசம் 9ம் திகதி லா வெனேனோ செத்துப்போனா, 52 வயசு. வீட்டில காயத்தோட கிடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, விழுந்ததால வந்த சாவு எண்டுதான் விசாரணையில முடிச்சவை, குடும்பம் அதை ஏற்கேல்ல. சீரியல் 2020ல வந்தது. வளந்தாப்பிறகு வாற அவவா நடிச்ச மூண்டு பேருமே ட்ரான்ஸ் பெண்கள்தான், ஆளுக்கொரு வயசுக்கு.

உண்மை எவ்வளவு எண்டால்... 1996ல பார்க்கே தெல் ஓஎஸ்தே எண்ட பூங்காவில இரவில நிண்டு தொழில் செய்தவவை ஒரு ரிப்போர்ட்டர் மைக்கோட போய்க் கண்டது உண்மை, அதுக்குப்பிறகு பெபே நவாரோ நடத்தின அந்த ராத்திரி ரிவி நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டது உண்மை, பாட்டுப் போட்டது உண்மை. 2003ல இருந்து 2006 வரைக்கும் மறியல், காப்புறுதிக் காசுக்காகத் தன்ர வீட்டுக்கே நெருப்பு வைச்சதெண்டு வழக்கு, கொண்டுபோய்ப் போட்டது ஆம்பிளையளின்ர மறியலில. அதைப் பற்றி எழுதின இடத்தில நான் புத்தகத்தை மூடிவைச்சிட்டு வெளியில போய் நிண்டனான். மற்றது, பேர்போன ஆம்பிளையளோட இருந்தது எண்டு சொல்லுறதெல்லாம் அவவின்ர வாய்க்கதை, வலேரியா திருத்தாமல் விட்டிருக்கிறா, அது நல்லது எண்டுதான் நான் சொல்லுவன்.

முல்லைக்கரை

எனக்கு உது பிடிக்கேல்ல. போன் கமராவைப் பக்கம் பக்கமாப் பிடிச்சு மொழிபெயர்த்து வாசிச்சன், அப்பிடி வாசிச்சால் எந்தப் புத்தகமும் பாழ்தான் எண்டு தெரியும், எண்டாலும் ஒரே பெருமையடிப்பு, பாதியில விட்டிட்டன். ரிவிக்காரன் ஆளை வைச்சுச் சிரிச்சுக் காசு உழைச்சான், பேந்து அதே ரிவி அவவை ஒரு சின்னமாக்கி திரும்பவும் உழைக்குது. சின்ன வயசுக் கதை மட்டும் மனசில நிண்டது. ஆத்ரா எண்டு அல்மேரியா பக்கம் கடற்கரை ஊர், மீன்பிடித் துறைமுகம், ஊர்ச்சனத்தின்ர வாய், தாய் அடிக்கிறது. எங்கட கரையில வளந்தவனுக்கு அதை ஆரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

மாங்குளம்_தையல்

முல்லைக்கரை, பெருமையடிக்கிறா எண்டு கோவிக்கிறீங்கள். நான் திருநங்கை, இஞ்ச இருவது வருசமா பிளவுஸ் தைக்கிறன். கை வெட்டு நல்லா வரும் எண்டு சனம் தேடி வரும், ஆனா புருசன்மார் மோட்டச்சைக்கிளை ரோட்டிலயே நிப்பாட்டி ஹெல்மெட்டைக் கழட்டாமல் இருப்பினம். நானும் வாறவளுக்கு அளவு எடுக்கேக்க என்ர அழகைப் பற்றி ரெண்டு பொய் அவிட்டு விடுவன், அவள் சிரிப்பாள், கூச்சம் போகும். அதைப் புத்தகத்தில போட்டால் நீங்கள் பாதியில மூடுவீங்கள் போல.

தங்கச்சிக்கு மறுமொழி வேணும் எண்டால் சட்டத்தையும் சேர்த்துச் சொல்லிக் குடுங்கோ. ஸ்பெயினில சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில ஊர்சுத்திகள் சட்டம் எண்டு ஒண்டு, 1970ல சமூக ஆபத்துச் சட்டம் எண்டு பேரை மாத்தி எங்களைப்போல ஆக்களைப் பிடிச்சு அடைச்சவங்கள். முழுசா எடுத்தது 1995ல, அதாவது லா வெனேனோ ரிவிக்கு வந்ததுக்கு முதல் வருசம்தான். எங்கட இலங்கையில வெள்ளைக்காரன் 1841ல போட்ட ஊர்சுத்திகள் சட்டம் இன்னும் கிடக்கு, ராத்திரி பஸ்சுக்கு நிண்டதுக்கு என்னையும் ஒருக்கா கேள்வி கேட்டு இருத்தி வைச்சவை. ஸ்பெயினில 2007ல இருந்து ஒப்பரேசன் செய்யாமலே பேரையும் பாலையும் மாத்தலாம், 2023ல இருந்து வைத்தியரின்ர கடிதமும் தேவையில்லை. இஞ்ச 2016 சுற்றுநிருபத்தோட பாலின அங்கீகாரச் சான்றிதழ் வந்தது, மனநல வைத்தியரிட்டப் போய்த்தான் எடுக்கவேணும். எனக்கு அடையாள அட்டை கைக்கு வர எத்தினை தரம் பஸ் ஏறினன் எண்டு கணக்கில்லை.

தமிழில எண்டால் தமிழ்நாட்டுத் திருநங்கை எழுத்தாளர் ரேவதி அம்மாவில தொடங்குங்கோ. அவ முதல்ல மற்ற ஆக்களின்ர வாழ்க்கையளைக் கேட்டு "உணர்வும் உருவமும்" எண்டு தொகுத்தவ, பிறகுதான் தன்ர கதையை "வெள்ளை மொழி" எண்டு எழுதினவ. வலேரியா செய்ததும் கிட்டத்தட்ட அந்த முதல் வேலைதான். லிவிங் ஸ்மைல் வித்யாவின்ர "நான் வித்யா" 2007ல வந்தது, சின்னப் பிள்ளைக்கும் ஓடும், ஆனா கோவமான புத்தகம், நீங்கள் முதல் வாசிச்சிட்டுக் குடுங்கோ.

மல்லாவியான்

அக்கா சொன்னது சரி. ஸ்பானிஷ் வாசிக்கக்கூடிய ஆக்களுக்கு இன்னொண்டு, வலேரியாவே 2019ல "வெஸ்தீதாஸ் தே அசூல்" எண்டு எழுதினவ, 1983ல ஆறு ட்ரான்ஸ் பெண்களை வைச்சு எடுத்த ஆவணப்படத்தைப் பற்றினது. முல்லைக்கரை, உங்களுக்கு அது பிடிக்கும், பெருமையடிப்புக் குறைவு.

முல்லைக்கரை

சரி சரி. கமரா வேண்டாம், ஆராவது வாசிச்சுச் சொல்லுங்கோ. அக்கா, நான் ஹெல்மெட்டைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வருவன்.

பரந்தன்_சந்தி

எல்லாருக்கும் நன்றி. நான் தம்பியும் இல்லை தங்கச்சியும் இல்லை, என்னெண்டு சொல்லுறது எண்டு பிறகு சொல்லுறன். மாங்குளம் அக்கா, உங்களிட்ட "வெள்ளை மொழி" இருக்கோ? நூலகத்தில கேக்க வெக்கமாக் கிடக்கு.

மாங்குளம்_தையல்

இருக்கு, அட்டை கிழிஞ்சது, நூல் போட்டுத் தைச்சு வைச்சிருக்கிறன். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாங்கோ, அதுக்கு முதல் கலியாண வேலை தலைக்கு மேல கிடக்கு. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, அளவும் எடுத்துவிடுறன்.