ரீகாயில் ஸ்பிரிங் வெயிட்: தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

போட்டிகளில் பயன்படும் கைத்துப்பாக்கிகளைச் சீரமைப்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். ‘ரீகாயில் ஸ்பிரிங் வெயிட்’ என்பது அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இப்போதைக்குப் ‘பின்னுதைப்புச் சுருள்வில் எடை’ என்று வைத்திருக்கிறேன். ரீகாயிலுக்குப் பின்னுதைப்பு, ஸ்பிரிங்குக்குப் பாடநூலில் உள்ள சுருள்வில். சொல்லாகப் பார்த்தால் குறையில்லை. ஆனால் “16 பவுண்டு எடையுள்ள சுருள்வில்லைப் பொருத்தவும்” என்று எழுதினால், ஏழு கிலோவுக்கு மேல் கனக்கும் ஒரு பாகத்தைத்தான் வாசகர் நினைப்பார். துறை தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

———

> பின்னுதைப்புச் சுருள்வில் எடை

இதில் ‘எடை’ மட்டுமல்ல, ‘பின்னுதைப்பு’ம் சிக்கல்தான்.

முதலில் எடை. சுருள் விற்கும் உறையில் அச்சிட்டிருக்கும் 16 பவுண்டு, ஸ்லைடு (துப்பாக்கியின் மேல்பாகத்தில் முன்னும் பின்னும் ஓடும் பகுதி) முழுவதுமாகப் பின்னால் போய் நிற்கும்போது அந்தச் சுருள் எதிர்த்துத் தள்ளும் விசை. ஐந்து அங்குலக் குழல் கொண்ட .45 ஏ.சி.பி. 1911 துப்பாக்கிக்கு இதுதான் வழக்கமான அளவு. நியூட்டனில் சொன்னால் ஏறக்குறைய 71. ஆகவே ‘விசை’ என்ற சொல் வந்தே தீர வேண்டும்.

அடுத்தது பின்னுதைப்பு. ஆங்கிலப் பெயரைப் பார்த்துவிட்டு, பின்னுதைப்பைத் தாங்குவதுதான் இந்தச் சுருளின் வேலை என்று பலர் நம்புகிறார்கள். ‘உதைப்பு அதிகமா, பலமான சுருளைப் போடு’ என்ற தவறான அறிவுரை பிறப்பது இங்கேதான். கைக்கு வந்துசேரும் மொத்த உந்தத்தைக் குண்டும் வெடிமருந்து வாயுவும் தீர்மானித்துவிடுகின்றன. சுருளை மாற்றினால் அந்த உந்தம் குறையாது, கைக்கு வரும் நேரமும் விதமும்தான் மாறும். பிரவுனிங் அமைப்பில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சிறிது தூரம் சேர்ந்தே பின்னால் நகரும், பிறகு குழல் தாழ்ந்து பூட்டு விடும். அதற்குள் குண்டு குழல்வாயைத் தாண்டிப் போயிருக்கும். இந்த இடைவெளியைக் காப்பதில் ஸ்லைடின் நிறைக்கும் சுத்தியலின் சுருளுக்கும்தான் பெரும்பங்கு. நாம் பேசும் சுருளின் பங்கு சிறியது.

அதன் உண்மையான வேலை ஸ்லைடை முன்னால் கொண்டுவருவது. வரும் வழியில் மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை உரித்தெடுத்து, குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் ஏற்றி, குழலை மறுபடி பூட்ட வேண்டும். ஜெர்மானியர் இதை மூடும் சுருள் என்கிறார்கள். ரஷ்ய மொழியில் திருப்பிக் கொணரும் சுருள். இரண்டு மொழியிலும் பெயர் செயலிலிருந்து வந்திருக்கிறது. ஆங்கிலத்தைத் தவிர்த்துவிட்டு நாமும் செயலைப் பிடித்துக்கொள்ளலாம்.

———

செயலிலிருந்து பெயர் வர வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் கையில் இருக்கும் சொற்கள் ஒவ்வொன்றும் வேறொரு பொருளில் ஏற்கனவே புழங்குகின்றன.

‘மீள் சுருள்வில்’ என்றால், மீள்தன்மை எல்லாச் சுருளுக்கும் உரியது. எந்தச் சுருள் என்று தெரியாது. ‘திருப்பு சுருள்வில்’ ரஷ்யச் சொல்லுக்கு நெருக்கம்தான், ஆனால் பாடநூலில் டார்க் என்பதற்குத் திருப்பு விசை வந்துவிட்டது, திருப்புளியும் இருக்கிறது. படிப்பவர் முறுக்கப்படும் சுருளை நினைப்பார். கைத்துப்பாக்கியிலேயே அப்படி முறுக்கி வேலை செய்யும் சுருள்கள் உண்டு என்பதால் இந்தக் குழப்பம் உறுதி. ‘மூடு சுருள்வில்’ என்றால் மூடியிருக்கும் சுருளா, மூடுகிற சுருளா?

என் பரிந்துரை: முன்தள்ளு சுருள்வில். பின்னுதைப்புக்கு எதிர்த்திசையில் அது என்ன செய்கிறது என்பது பெயரிலேயே இருக்கிறது. மற்றவற்றுக்குச் சுத்தியல் சுருள்வில், குத்தூசிச் சுருள்வில், மேகசின் சுருள்வில் என்று இடத்தின் பெயரே போதும்.

‘வெயிட்’டுக்கு நேர்ச்சொல் தேடுவதற்கு முன் ஒரு கேள்வி. உறையில் இருக்கும் அந்த ஒற்றை எண் சுருளை முழுமையாக விவரிக்கிறதா?

———

விவரிக்காது, ஐயா. கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. கணக்காகவே காட்டுகிறேன்.

ஸ்லைடு 2 அங்குலம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு சுருள்கள், இரண்டின் உறையிலும் 12 பவுண்டு. ஒன்றின் சுருள் மாறிலி, அதாவது ஒவ்வோர் அங்குலம் அமுக்கும்போதும் ஏறும் விசை, அங்குலத்துக்கு 3 பவுண்டு. ஸ்லைடு மூடியிருக்கும்போது அது 6 பவுண்டு விசையுடன் முன்னால் அழுத்திக்கொண்டிருக்கும். மற்றதன் மாறிலி 4 பவுண்டு. அது மூடிய நிலையில் அழுத்துவது வெறும் 4 பவுண்டு. உறையில் ஒரே எண், கையில் வேறு வேறு துப்பாக்கி.

மூடிய நிலையில் இருக்கும் இந்த விசைதான், சுத்தியலுக்குப் பதில் தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசியைச் சுருளே இயக்கும் குளாக் போன்ற குத்தூசி வகைகளில் உயிர்நாடி. விசைவில்லை (டிரிகரை) இழுக்கும்போது குத்தூசிச் சுருள் ஸ்லைடைப் பின்னால் தள்ளப் பார்க்கும். அதைத் தடுத்துப் பூட்டைக் காப்பது முன்தள்ளு சுருளின் தொடக்கத்தில் இருக்கும் விசை. குளாக் 17இல் தொழிற்சாலைச் சுருள் ஏறத்தாழ 17 பவுண்டு, குத்தூசிச் சுருள் ஏறத்தாழ 5.5. முன்தள்ளு சுருளை 13க்கு இறக்கிவிட்டுக் குத்தூசிச் சுருளை அப்படியே விட்டால், அழுக்கேறிய துப்பாக்கியில் ஸ்லைடு மயிரிழை திறந்து நிற்கக்கூடும். குத்தூசிச் சுருளையும் 4 பவுண்டாக்கினால் இது தீரும், ஆனால் அடி மெலிந்து, கடினமான பிரைமர்கள் (தோட்டாவின் அடியிலுள்ள பற்றவைப்பு மூடிகள்) வெடிக்காமல் போகும். ஃபெடரல் நிறுவனத்தின் பிரைமர் மென்மையானது, பொறுத்துக்கொள்ளும். சி.சி.ஐ. நிறுவனத்தின் பிரைமர் பல துப்பாக்கிகளில் பொறுக்காது.

சோதிப்பது எளிது. மேகசினைக் கழற்றி, அறை காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். குழல்வாயைப் பாதுகாப்பான திசையில் மேல்நோக்கிச் சாய்த்து, விசைவில்லை இழுத்துப் பிடித்தபடியே ஸ்லைடை முழுதும் பின்னிழுத்து, கையோடு மெல்ல முன்னால் விடுங்கள். முழுதாக மூடாமல் இடையில் நின்றால் சுருள் போதாது.

வெட்டிக் குறைப்பதைப் பற்றியும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் ஒற்றை எண்ணை நம்புகிறவர்கள் செய்யும் முதல் வேலை அது. மேலே சொன்ன முதல் சுருள் 6 அங்குல நீளம், 30 சுற்று என்று கொள்ளுங்கள். மூன்று சுற்றை வெட்டினால் நீளம் 5.4 அங்குலம். சுற்று குறைந்ததால் மாறிலி 3.33 ஆக ஏறிவிடும். கடைசியில் இருக்கும் விசை 12இலிருந்து 11.3க்கு வந்திருக்கும். தொடக்க விசையோ 6இலிருந்து 4.7 ஆகியிருக்கும். முன்னது 6 விழுக்காடு குறைவு, பின்னது 22. வெட்டியவர் ‘கொஞ்சம்தான் இளகியிருக்கிறது’ என்று நினைப்பார், பூட்டோ கால்வாசி பலத்தை இழந்திருக்கும்.

ஆகவே மூன்று சொற்கள் வேண்டும். பாடநூலில் இருக்கும் சுருள் மாறிலி அப்படியே இருக்கட்டும். மூடிய நிலைக்குத் தொடக்க விசை. முழுதும் அமுங்கிய நிலைக்கு, அதாவது உறையில் வரும் எண்ணுக்கு, கடைவிசை.

———

கடைவிசை நன்றாக இருக்கிறது. ‘முழு அமுக்க நிலை விசை’ என்று நீட்டியிருந்தால் யாரும் சொல்லப்போவதில்லை.

ஈழத்து வழக்கையும் கையேட்டில் சேர்த்துவிடுங்கள். அங்கே தோட்டாவை ரவை என்பார்கள், மேகசினுக்கு ரவைக்கூடு என்ற அழகான சொல் உண்டு. பவுண்டு அங்கே இறாத்தல். அளவைப் பவுண்டு என்றே விடலாம், சுருள் வாங்கும்போது உறையில் அதைத்தான் தேடப்போகிறார்கள். ரவைக்கூடு மட்டும் தமிழகத்து வாசகருக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

———

ரவைக்கூட்டை எடுத்துக்கொள்கிறேன். இனி ஒரு வேண்டுகோள்: சுருளைத் தேர்ந்தெடுக்கும் முறையை இந்தச் சொற்களை வைத்தே யாராவது எழுதிக் காட்டினால், எங்கே இடறுகிறது என்று தெரிந்துவிடும்.

———

எழுதுகிறேன்.

தொடங்க வேண்டியது சுருளில் அல்ல, தோட்டாவில். குண்டின் எடையைக் கிரெயின் என்ற அலகிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் வைத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பவர் ஃபேக்டர், அதாவது தோட்டாவின் வலிமையைக் காட்டும் எண். 147 கிரெயின் குண்டு 890 அடி வேகத்தில் போனால் 130.8. ஐ.பி.எஸ்.சி. என்ற பன்னாட்டுச் சுடுதல் அமைப்பின் போட்டிகளில் மைனர் என்ற கீழ்த்தரத்துக்கு 125 வேண்டும், ஸ்டாண்டர்ட் பிரிவில் மேஜர் என்ற மேல்தரத்துக்கு 170. தோட்டா முடிவாகாமல் சுருளைத் தேடுவது வீண் செலவு. தோட்டா மாறினால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும்.

இரண்டாவது, சுத்தியல் சுருள்வில். ஸ்லைடு பின்னால் போகும்போது சுத்தியலையும் மடக்கிக்கொண்டு போக வேண்டும், ஆகவே ஓட்டத்தின் தொடக்கத்தில் முதல் தடை அதுதான். 1911இல் தொழிற்சாலை அளவு 23 பவுண்டு, போட்டிக்காரர்கள் 17 முதல் 19 வரை வைப்பார்கள். விசைவில்லை இலகுவாக்க இதைக் குறைத்தால், முன்தள்ளு சுருளை மாற்றாமலே ஸ்லைடு வேகமெடுக்கும். எனவே இதை முதலில் முடிவுசெய்து பூட்டிவிடுங்கள். ஸ்லைடில் ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிநோக்கி) பொருத்துவதும் துளையிட்டு இளைப்பதும் அதன் நிறையை மாற்றும், அவையும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அதன்பின் தொடங்க ஒரு கடைவிசை. ஐந்து அங்குல 1911இல் .45 முழுத் தோட்டாவுக்கு 16, வட்ட இலக்குப் பலகையைச் சுடும் மென்மையான தோட்டாவுக்கு 12 முதல் 14. .40 மேஜருக்கு 12. 9 மி.மீ. மைனருக்கு 10. குளாக் 17க்கு 15. இவை தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. இரண்டு பக்கமும் ஒவ்வொரு பவுண்டாக இரண்டிரண்டு சுருள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்தியதும் சுடுவதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும். காலித் துப்பாக்கியை முன்தள்ளு சுருள் இல்லாமல் பூட்டி, ஸ்லைடைக் கையால் கடைசிவரை பின்னால் தள்ளி, அதன் பின்விளிம்பு துப்பாக்கியின் அடிச்சட்டத்தில் எங்கே நிற்கிறது என்று பென்சிலால் கோடிடுங்கள். சுருளைப் போட்டபின் அதே கோட்டுக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டித் திடமாகிவிட்டன என்று பொருள். அந்தச் சுருள், அது ஏறியிருக்கும் வழிகாட்டித் தண்டுக்கும் அதன் முன்முனையை மூடும் அடைப்பானுக்கும் நீளமானது. ரப்பர் போன்ற அதிர்வுத் தணிப்பு வளையம் போட்டிருந்தால் ஓட்டம் அதன் தடிப்பளவு குறையும், அதையும் கணக்கில் சேருங்கள். 1911இல் அடைப்பானைக் கழற்றும்போது கண்ணாடி அணியுங்கள், விரல் வழுக்கினால் அது நேராக முகத்துக்கு வரும்.

சுடும்போது பார்க்க வேண்டியது புள்ளி அல்லது முன்குறி திரும்பும் இடம். பத்து கெஜத்தில் சிறிய குறி, சீரான பிடி, இரண்டிரண்டாகச் சுடுங்கள். ஸ்லைடு மூடும்போது குழல்வாய் குறிக்குக் கீழே முங்கி எழுந்தால் கடைவிசை அதிகம். மேலேயே தங்கி, சோம்பலாக இறங்கினால் குறைவு. குறியிலேயே வந்து நின்றால் போதும், அதற்குமேல் இளக்காதீர்கள். பிடி தளர்ந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றும், ஆகவே ஒரே அமர்வில் வாங்கிய சுருள்களில் மூன்றையாவது மாற்றி மாற்றிச் சுட்டால்தான் சுருளின் குணம் பிரிந்து தெரியும்.

நம்பகத்தைத் தனியாகப் பாருங்கள். ரவைக்கூட்டில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுட்டு, ஸ்லைடு பின்னால் பூட்டி நிற்கிறதா என்று ஒவ்வொரு ரவைக்கூட்டுக்கும் சோதியுங்கள். அதையே இடது கையால், தளர்ந்த பிடியில், இருக்கும் தோட்டாக்களில் மெலிந்ததை வைத்துச் செய்யுங்கள். கடைவிசை கூடினால் ஸ்லைடு முழு ஓட்டம் ஓடாது. சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு அது வெளியேறும் வாயிலில் நட்டுக்கொண்டு மாட்டும், அல்லது ஸ்லைடு அடுத்த தோட்டாவின் அடியைப் பிடிக்காமல் நடுவில் இடிக்கும். மிகவும் குறைந்தால் ஸ்லைடு சட்டத்தில் மோதும், வெற்றுக்கூடு வெகுதூரம் பறக்கும், அழுக்கான அறையில் கடைசித் துளி மூடாது. அந்தக் கடைசித் துளிக்குக் காரணம் தொடக்க விசை என்பதால், உறையின் எண்ணை மட்டும் பார்த்து அடுத்த சுருளை வாங்காதீர்கள்.

பலமான சுருள் துப்பாக்கியைக் காக்கும் என்பது பாதிதான் உண்மை. பின்னால் போகும் மோதலைக் குறைக்கும், சேமித்த ஆற்றலை முன்னால் வரும்போது குழலின் அடிக்கட்டிலும் ஸ்லைடு நிறுத்தியின் ஊசியிலும் இறக்கும்.

உருண்டைக் கம்பிச் சுருளை 3000 முதல் 5000 தோட்டா சுடுவதற்குள் மாற்றுவது வழக்கம், தட்டைக் கம்பி அதைவிட நெடுநாள் உழைக்கும். புதிதாக வாங்கியதும் நீளத்தை அளந்து உறையில் எழுதிவையுங்கள். தளர்வதைப் பிற்பாடு அந்த எண்தான் காட்டும்.

———

தெளிவாக இருக்கிறது, சொற்கள் எங்கும் உறுத்தவில்லை. ‘முன்தள்ளு சுருள்வில்’ பேச்சில் ‘முன்தள்ளி’ ஆகிவிடும், அதையும் இணைச்சொல்லாகப் பதிவுசெய்யலாம்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. சுற்றுகளின் இடைவெளி சீராக இல்லாத சுருள்களும் விற்கின்றன, அவற்றில் நெருக்கமான சுற்றுகள் முதலில் முட்டிக்கொள்ள, அமுங்க அமுங்க விறைப்பு ஏறும். அங்கே ‘சுருள் மாறிலி’ மாறிக்கொண்டே போகிறது. மாறும் மாறிலி என்று எழுத முடியாது.

———

அங்கே விறைப்பு என்றே எழுதலாம், ஐயா. சீரான சுருளுக்குச் சுருள் மாறிலி, இதற்கு ஏறுவிறைப்புச் சுருள்வில். இவ்வகையில் தொடக்க விசை தாழ்ந்தும் கடைவிசை உயர்ந்தும் இருக்கும் என்பதால், கையேட்டில் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்கள்.