கார் ஸ்டார்ட் ஆகவில்லை, அவசரம்

தண்டையார்பேட்டைவாசி:
நேற்றிரவு வரை நன்றாக ஓடிய கார் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. மாமியாரை எழும்பூரில் ரயிலேற்ற வேண்டும். உடனே யாராவது வழி சொல்லுங்கள்.

வண்டிப்பித்தன்:
என்ன கார்? பெட்ரோலா, டீசலா? சாவியைத் திருப்பினால் சத்தம் வருகிறதா?

எண்ணூர் அண்ணன்:
எல்லாம் பெட்ரோலில் கலக்கும் 20 சதவீத எத்தனால் செய்யும் வேலை. டேங்கில் தண்ணீர் சேர்ந்திருக்கும். காலி செய்யுங்கள்.

பழைய கை:
கேள்வியை முழுதாகக் கேட்கத் தெரியாதவர்களும் கார் வாங்கிவிடுகிறார்கள். இன்ஜினைச் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டார் சுற்றியும் இன்ஜின் பற்றவில்லை என்றால் பெட்ரோலைச் சந்தேகிக்கலாம். செல்ஃபே சுற்றவில்லை என்றால் பெட்ரோலுக்கு அங்கே என்ன வேலை, அண்ணா?

தண்டையார்பேட்டைவாசி:
பெட்ரோல் வண்டி. டிக் டிக் என்கிறது, விளக்கு மங்குகிறது.

ராயபுரத்து அக்கா:
பானெட்டைத் திறந்து பாருங்கள் தம்பி. கடற்காற்றுக்கு பேட்டரி முனைகள் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். நெகட்டிவை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடையுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. நெகட்டிவிலிருந்து போகும் எர்த் ஒயர் கார் பாடியில் சேரும் இடத்தையும் பாருங்கள், அதை யாரும் கவனிப்பதில்லை.

வண்டிப்பித்தன்:
அக்கா சொல்வது சரி. மல்டிமீட்டர் இருந்தால் கிளாம்பில் வைக்காமல் ஈய முனையிலேயே வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். முழு சார்ஜ் இருந்தும் சாவியைத் திருப்பும்போது 9-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி போய்விட்டது. 12-க்கு மேலேயே நின்றும் செல்ஃப் சுற்றவில்லை என்றால் கோளாறு ஒயரிலோ செல்ஃப் மோட்டாரிலோதான்.

எண்ணூர் அண்ணன்:
இவ்வளவு எதற்கு? இரண்டாவது கியரில் போட்டு நாலு பேர் தள்ளினால் தீர்ந்தது.

பழைய கை:
திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலா? ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் எப்படித் தள்ளுவதாம்?

எண்ணூர் அண்ணன்:
லாரிக்காரர்களைக் குறை சொல்லாதீர்கள். துறைமுக வாசலில் இரவெல்லாம் காத்துக்கிடப்பது அவர்கள்தான்.

பழைய கை:
காத்துக்கிடக்கட்டும், பாதிச் சாலையை அடைத்துக்கொண்டுதான் காத்துக்கிடக்க வேண்டுமா?

ராயபுரத்து அக்கா:
சாலைச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தம்பி என்ன ஆனார்?

தண்டையார்பேட்டைவாசி:
எர்த் ஒயரின் போல்ட் துருவேறியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கியதும் எடுத்துவிட்டது. மாமியார் அதற்குள் ஆட்டோவில் போய்விட்டார். நன்றி அக்கா.

வண்டிப்பித்தன்:
இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8-க்கும் 14.4 வோல்ட்டுக்கும் நடுவே காட்டுகிறதா, அதாவது சார்ஜ் ஏறுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எண்ணூர் அண்ணன்:
டேங்கையும்.