வெளிமாநில நம்பரில் ஓடும் ஆம்னி பஸ்கள்: பிரச்சினை வரியா, உயிரா?

மேல்பெர்த்:
சென்னையில் ராத்திரி ஏறினால் விடியற்காலையில் மதுரையிலோ கோவையிலோ இறக்கிவிடும் ஆம்னி பஸ்களில் ஒரு பகுதிக்கு நாகாலாந்து, அருணாச்சல், புதுச்சேரி நம்பர். 2024 ஜூனில் தமிழ்நாடு போக்குவரத்துத் துறை இந்த மாதிரி வண்டிகள் இங்கே ஓடக்கூடாது என்றது. உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள், விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்போது எல்லாரும் பேசியது, வரி குறைவான இடத்தில் பதிவு செய்வதால் தமிழ்நாட்டுக்கு வரும் வரி இழப்பைப் பற்றித்தான்.

எனக்கு வரி இரண்டாம்பட்சம். 2025 அக்டோபர் 24 அதிகாலை கர்னூல் அருகே ஹைதராபாத்திலிருந்து பெங்களூரு போன ஸ்லீப்பர் பஸ் எரிந்தது. பைக்கில் வந்தவரையும் சேர்த்து 20 பேர் இறந்தார்கள். அந்த வண்டி முதலில் பதிவானது டாமன் டையூவில், பிறகு மாறியது ஒடிசாவுக்கு. ஓடியதோ இந்த இரண்டு ஊருக்கும் சம்பந்தமே இல்லாத ரூட்டில். சீட் வண்டியாகப் பதிவு செய்து ஸ்லீப்பராக மாற்றியதாகவும் செய்தி வந்தது. தினமும் வண்டியைக் கண்ணால் பார்க்கும் அதிகாரியிடம் அதன் ஃபைல் இல்லை. ஃபைல் வைத்திருக்கும் அதிகாரி வண்டியைப் பார்ப்பதில்லை. வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ அங்கேதான் பதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 40வது பிரிவு சொல்கிறது. அதை அப்படியே அமல்படுத்த வேண்டும் என்பதுதான் என் கட்சி.

சின்ன ஆபரேட்டர்:
நான் ஆம்னி பஸ் ஓட்டுகிறவன். என் வண்டிகளுக்கு வெளிமாநில நம்பர்தான், காரணம் வரிதான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த அகில இந்திய சுற்றுலா வாகன பர்மிட் விதிகளின்படி கட்டணம் கட்டித்தான் ஓட்டுகிறேன். அதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தனியாக வரி கேட்டால் சின்ன ஆள் எப்படித் தாங்குவது?

பாதுகாப்பை இதில் ஏன் இழுக்கிறீர்கள்? 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் பள்ளிப் பிள்ளைகளை டூர் கூட்டிப்போன பஸ் கேரள அரசின் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸின் பின்னால் மோதி 9 பேர் செத்தார்கள். கேரள நம்பர் வண்டி, கேரள ரோடு. ஜிபிஎஸ்ஸில் பதிவான வேகம் 97.7 கிலோமீட்டர். வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கவர்னரில் கை வைத்திருந்தார்கள். 2023 ஜூலை 1இல் புல்தானாவில் எரிந்து 25 பேரைக் கொன்றது மகாராஷ்டிரா நம்பர் வண்டி, அதுவும் மகாராஷ்டிராவுக்குள்ளேயே ஓடியது. உள்ளூர் நம்பர் யாரைக் காப்பாற்றியது?

ராத்திரி டிரைவர்:
ஓனர் சார் சொல்வது சரி. நம்பர் பிளேட் தூங்குவதில்லை, டிரைவர்தான் தூங்கிப் போகிறான். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று இருக்கிறது. காலையில் கோவையில் இறக்கிவிட்டு, பகலில் ஆறிப்போன பெர்த்தில் கண்ணயர்ந்து, ராத்திரி திரும்ப அதே வண்டியை எடுக்கிறவனிடம் இதை யாரும் கேட்டதில்லை. செக்போஸ்டில் பர்மிட் கேட்பார்கள், வரி ரசீது கேட்பார்கள். கடைசியாக எப்போது தூங்கினாய் என்று கேட்டதே இல்லை.

பழைய பிரேக் இன்ஸ்பெக்டர்:
மோட்டார் வாகன ஆய்வாளராக சர்வீசில் இருந்தவன் என்ற முறையில் இரண்டு பக்கத்துக்கும் சொல்கிறேன்.

வெளிமாநில வண்டியை இங்குள்ள அதிகாரி ஒன்றும் செய்ய முடியாது என்பது போல மேல்பெர்த் பேசுவது முழுக்கச் சரியல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 53வது பிரிவின்படி தன் எல்லைக்குள் நிற்கும் எந்த வண்டியும் பொதுமக்களுக்கு ஆபத்தான நிலையில் இருந்தால், அதன் பதிவை இங்குள்ள பதிவு அதிகாரியே நிறுத்திவைக்கலாம். நாகாலாந்து நம்பராக இருந்தாலும் சரிதான். அந்த அதிகாரத்தைக் கையில் எடுப்பவர்கள் குறைவு என்பது வேறு கதை.

ஆனால் ஆபரேட்டர் தம்பி, பர்மிட் விஷயம் வேறு. 86வது பிரிவில் பர்மிட்டை ரத்து செய்வதும் நிறுத்திவைப்பதும் அதைக் கொடுத்த அதிகாரியின் கையில்தான் இருக்கிறது. நான் இங்கே ஒரு வண்டியைப் பிடித்து அபராதம் போட்டு, பர்மிட்டை ரத்து செய்யுங்கள் என்று இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஆபீசுக்கு எழுத வேண்டும். பதில் வருவதற்குள் வண்டி மறுபடி ரோட்டில் இருக்கும்.

இன்னொன்று, எஃப்சி என்கிற தகுதிச் சான்று. வண்டிக்கு எட்டு வருடம் ஆகும் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு வருடா வருடம். எஃப்சி அன்றைக்கு எந்த வண்டியும் கல்யாண மாப்பிள்ளை மாதிரிதான் வந்து நிற்கும். அதனால் அன்றைக்குப் பார்ப்பதைவிட, போன தடவை எதற்காகத் திருப்பி அனுப்பினோம் என்பதை நினைவில் வைத்திருக்கும் ஆபீஸ்தான் முக்கியம். ஒரே ஆபீசில் திரும்பத் திரும்ப வரும் வண்டியின் குணம் எங்களுக்குத் தெரியும். இந்த ஓனர் பிரேக் லைனிங் மாற்றாமல் டிரம்மை மட்டும் துடைத்துக் கொண்டுவருவார் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறாது.

கரூர் பட்டறை:
பாடி கட்டுகிற ஊரிலிருந்து எழுதுகிறேன். சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், கம்பெனியிலிருந்து வருகிறது, பாடியை நாங்கள் கட்டுகிறோம். பஸ் பாடி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஏஐஎஸ் 052 விதி இருக்கிறது, ஸ்லீப்பருக்கு ஏஐஎஸ் 119 இருக்கிறது. எமர்ஜென்சி கதவு, நடைபாதை அகலம், எளிதில் தீப்பிடிக்காத துணி எல்லாம் அதில் வரும். விதிப்படி கட்டி, பதிவு முடிந்து போன வண்டி சில மாதத்தில் இன்னொரு பட்டறைக்குப் போகும். எமர்ஜென்சி கதவை மறித்து ஒரு பெர்த் ஏறும். பார்சல் ஏற்ற டிக்கியைப் பெரிதாக்குவார்கள். பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 52வது பிரிவு சொல்கிறது, ஆனால் மாற்றியதைப் பிடிக்க ஆள் உள்ளே ஏறி எண்ண வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை பெர்த், வண்டிக்குள் எத்தனை பெர்த். பத்து நிமிட வேலை. நாங்கள் முடியாது என்று திருப்பி அனுப்பிய வேலை அடுத்த தெருவில் நடந்ததைப் பார்த்திருக்கிறோம்.

சின்ன ஆபரேட்டர்:
அதைத்தான் நானும் சொல்கிறேன் பட்டறை அண்ணே. உள்ளே ஏறி எண்ணுங்கள். அதற்கு நம்பர் தமிழ்நாடாக இருக்க வேண்டிய அவசியம் என்ன?

அல்பனி தமிழன்:
நான் இருக்கும் நியூயார்க் மாநிலத்தில் நடந்தது இந்த விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்தும். 2018 அக்டோபர் 6, ஸ்கோஹாரி என்ற ஊர். பிறந்தநாள் கொண்டாடப் போன 17 பேரும் டிரைவரும் இருந்த லிமோசின் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பாய்ந்தது. ரோட்டோரம் நின்ற இருவரையும் சேர்த்து 20 பேர் இறந்தார்கள். 2001ஆம் ஆண்டு ஃபோர்டு வண்டியை வெட்டி நீட்டிச் செய்த லிமோசின் அது. அதற்கு முந்தைய மாதம்தான் மாநிலப் போக்குவரத்துத் துறை அதைச் சோதித்து, ஓட்டக்கூடாது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதை மீறித்தான் வண்டி கிளம்பியது.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முதல் குற்றத்தை அந்த லிமோசினை ஓட்டிய நிறுவனத்தின் மேல் வைத்தது. கூடவே இரண்டு அரசு அலுவலகங்களையும் பெயர் சொல்லிக் குறை கூறியது. விதி மீறுவது தெரிந்தும் போக்குவரத்துத் துறை சரியாகக் கண்காணிக்கவில்லை. வாகனப் பதிவுத் துறையோ பதிவு விவரத்தைச் சரிபார்க்கவில்லை, அதனால் கடுமையான சோதனையிலிருந்து அந்த வண்டி நழுவியது. பதிவில் எழுதியிருப்பதை வைத்துத்தான் எந்தச் சோதனைக்கு வண்டி வர வேண்டும் என்று முடிவாகிறது. அந்த இடத்தில் பொய் ஏறினால் மீதிச் சங்கிலி முழுக்க அறுந்துவிடும். நிறுவனத்தை நடத்தியவருக்கு 2023இல் சிறைத் தண்டனை கிடைத்தது. அதிகாரிகளில் யாரும் சிறைக்குப் போகவில்லை.

சின்ன ஆபரேட்டர்:
பார்த்தீர்களா, அதுவும் உள்ளூர்ப் பதிவுதான்! ஸ்டிக்கர் ஒட்டியவர் வண்டியைப் பிடித்து வைத்திருந்தால் 20 பேரும் பிழைத்திருப்பார்கள். என் கேள்வி மாறவில்லை: ரோட்டில் சோதனையைக் கூட்டுங்கள், கெட்ட வண்டியைப் பூட்டுங்கள், எல்லா மாநில வண்டிக்கும் ஒரே மாதிரி. நல்ல வண்டி வைத்திருப்பவன் ஏன் நம்பருக்காக நடுராத்திரியில் பயணிகளோடு நிற்க வேண்டும்?

மேல்பெர்த்:
ஸ்டிக்கர் ஒட்டிய அலுவலகமும் பதிவு கொடுத்த அலுவலகமும் ஒரே மாநிலத்தில் இருந்தே அந்தக் கதி. நம் ஊரில் ஒன்று சென்னையிலும் மற்றொன்று நாகாலாந்தின் கோஹிமாவிலும் இருந்தால் என்ன நடக்கும்? ரோட்டுச் சோதனை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பயணிகள் ஏறி உட்கார்ந்த பிறகு நடுவழியில் வண்டியைப் பூட்டச் சொன்னால், குழந்தைகளையும் வயதானவர்களையும் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த அதிகாரி எங்கே இறக்குவார்? அதனால்தான் பாதி அதிகாரிகள் அபராதம் போட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். வண்டி கிளம்புவதற்கு முன்பே பிடிபட வேண்டும், அதற்குப் பதிவு இங்கே இருக்க வேண்டும்.

கூடவே ஒன்று. டிக்கெட் போடும்போதே வண்டி எண்ணைக் காட்டட்டும். மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் எஃப்சி, இன்சூரன்ஸ் தேதி நாங்களே பார்த்துக்கொள்வோம். இப்போது கிளம்பும் நேரத்தில்தான் எண் வருகிறது. அப்போது பார்த்து என்ன பயன்?

சின்ன ஆபரேட்டர்:
எண்ணை முன்கூட்டியே கொடுக்கலாம், ஆனால் வண்டி பிரேக்டவுன் ஆனால் மாற்று வண்டி போடுவோம். அதை ஏமாற்று என்று எழுதாதீர்கள்.

மறுபதிவுக்கும் நான் எதிரி இல்லை. கட்டிய வரியில் மிச்சம் உள்ளதைக் கழித்துக்கொண்டு, ஒரு வருட அவகாசம் கொடுத்தால் நாளைக்கே என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கேட்டு எழுதுகிறேன்.

ராத்திரி டிரைவர்:
அந்த ஒரு வருடத்தில் இரண்டாவது டிரைவரையும் போடுவீர்களா ஓனர் சார்?

பழைய பிரேக் இன்ஸ்பெக்டர்:
வரியைக் கழிக்கலாம், அது நியாயம். ஒரு வருட அவகாசம் வேண்டாம் தம்பி. அவரவர் வண்டிக்கு அடுத்த எஃப்சி தேதி எதுவோ அதுவே கெடுவாக இருக்கட்டும். அன்றைக்கு வண்டி இங்கே உள்ள ஆபீசில் வந்து நிற்கட்டும். பட்டறைக்காரர் சொன்ன மாதிரி உள்ளே ஏறி பெர்த்தை எண்ணிவிட்டுத்தான் புது நம்பர் கொடுக்க வேண்டும்.