அப்பாயி கட்டிய தேங்காய் யாருக்கு?

பெகு பேத்தி:

இங்கே பர்மாவில், பெகுவில் எங்கள் பழைய மரவீட்டைப் பிரித்துவிட்டுக் கல்வீடு கட்டப் போகிறோம். அடுத்த வாரம் கொத்தனார் வருகிறார். அதற்குள் ஒன்று தெரிய வேண்டும்.

கூடத்தின் ஓரத் தூணில் ஒரு மூங்கில் கூடு கட்டியிருக்கிறது. அதில் ஒரு முழுத் தேங்காய், தலைப்பாகை சுற்றியது போல அதன் மேல் சிவப்புத் துணி. என் அப்பாயி கட்டியது. அவர் இறந்து ஆறு வருஷமாகிறது. இப்போது அம்மா பார்த்துக்கொள்கிறார், ஆனால் எதற்கு என்று அவருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடத்தில் முருகன், மாரியம்மன், புத்தர் மூவருக்கும் அப்பாயி கற்பூரம் காட்டுவார். அப்புறம் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடுதான் அந்தத் தூணுக்குப் போவார். தேங்காயை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். தண்ணீர் சத்தம் கேட்டால் திரும்ப வைப்பார். கேட்காவிட்டால் மறுநாள் காலையிலேயே சந்தையில் புதுக்காய். கோயிலில் உடைக்கிற காயைக்கூட அவர் அவ்வளவு பார்த்து வாங்கியதில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஒருநாள் ஊதுபத்தியைக் கொளுத்தி அங்கே கொண்டுபோனேன். ஓடி வந்து கையைப் பிடித்தார். "வேணாண்டி. அவர் பட்டது போதும்" என்றார். யார் என்று கேட்டேன். "வீட்டுக்காரர்" என்றார். தாத்தாவைச் சொல்கிறார் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா அது திருஷ்டிக்காய் என்கிறார். திருஷ்டிக்கு என்றால் வாசலில் அல்லவா கட்டுவார்கள்? அத்தை முனீஸ்வரன் என்கிறார். முனீஸ்வரனுக்குச் சுருட்டே பற்றவைத்து வைக்கிறோம், அவருக்கு ஊதுபத்தி ஆகாதா? இரண்டும் ஒத்துவரவில்லை. அது யார், பழைய காயை என்ன செய்வது, புது வீட்டில் எங்கே வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாண்டலே வாத்தியார்:

தங்கச்சி, உங்கள் அப்பாயி சொன்னது சரிதான். அவர் வீட்டுக்காரர்தான். பர்மியர்கள் வீட்டைக் காக்கிற நாட் என்று கும்பிடும் மின் மஹாகிரி. நாட் என்றால் அவர்களுடைய காவல் தெய்வ ஆவி. நம் மகாகிரியேதான், பெரிய மலை. மின் என்றால் அரசர்.

பிறப்பில் அவர் அரசர் இல்லை. ஐராவதிக் கரையில் தகவுங் என்ற ஊரில் ஒரு கொல்லர், பெயர் ங்க தின் தெ. அவருடைய பலத்தைக் கண்டு தகவுங் அரசன் பயந்தான். கொல்லர் காட்டுக்குள் போய்விட்டார். அரசன் அவருடைய தங்கையை ராணியாக்கிக்கொண்டு, "உன் அண்ணனுக்குப் பதவி தருகிறேன், வரச் சொல்" என்றான். நம்பி வந்தவரை மரத்தில் கட்டி உயிரோடு எரித்தான். தங்கை ஓடிப்போய் அதே தீயில் விழுந்தாள். பிடித்து இழுத்தவர்களுக்கு முகம் மட்டும்தான் மிஞ்சியதாம். அதனால் அவளுக்கு ஷ்வே ம்யெத் ஹ்னா, பொன்முகம் என்று பெயர்.

எரித்த மரம் என்ன தெரியுமா? பர்மியத்தில் சகா. நம் செண்பகம்.

அண்ணனும் தங்கையும் அந்த மரத்திலேயே குடியேறி, நிழலுக்கு வந்தவர்களையெல்லாம் அடித்தார்கள். அரசன் மரத்தை வேரோடு பிடுங்கி ஐராவதியில் விட்டான். அது மிதந்து பகானில் கரை ஒதுங்கியது. அங்கே அந்தக் கட்டையிலேயே இருவருக்கும் உருவம் செதுக்கிப் பொப்பா மலையில் வைத்தார்கள். பிற்பாடு 11ஆம் நூற்றாண்டில் அனவ்ரதா அரசர் இந்த நாட் தெய்வங்களை 37 என்று வரிசைப்படுத்தியபோது தலைவராக நம் இந்திரனை வைத்தார். தஜாமின் என்கிறார்களே, அவர்தான். அந்த வரிசையில் இந்தக் கொல்லருக்கும் பெரிய இடம்.

தீயில் வெந்தவருக்கு இளநீர்க் குளிர்ச்சி. தேங்காய் அதற்குத்தான். தண்ணீர் வற்றினால் அவருக்கு மறுபடி எரியும், அதனால் மாற்ற வேண்டும். உங்கள் அப்பாயி நெருப்பைக் கிட்டவே விடாமல் பார்த்துக்கொண்டதை எண்ணி நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

பர்மியர்கள் அவரை வைப்பது வீட்டின் தென்கிழக்குத் தூணில். நமக்கு அது அக்கினி மூலை. ஏன் இப்படி அமைந்தது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் என் வீட்டுத் தூணைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும். பழைய காயை உடைக்காதீர்கள், சமைக்காதீர்கள். நாங்கள் மரத்தடியில் வைத்துவிடுவோம்.

ரங்கூன்காரன்:

ஐயா சொன்ன கதை சரிதான், மறுக்கவில்லை. ஆனால் புது வீட்டிலும் இது வேண்டுமா? இங்கே நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதச் சொல்லித்தருவதே போராட்டமாக இருக்கிறது. இருக்கிற சாமிகளையாவது தெளிவாகக் காட்ட வேண்டாமா? பகானில் மியின்கபாவில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டைப் பாருங்கள். மலைமண்டலத்திலிருந்து, அதாவது இன்றைய கேரளப் பக்கத்திலிருந்து, வந்த குலசேகர நம்பி என்பவர் அங்கிருந்த நானாதேசி விண்ணகரம் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவும் நிலைவிளக்கும் கொடுத்திருக்கிறார். அதைத் தமிழில் வெட்டிவைத்தார். அவர் தன் பெருமாளை மாற்றிக்கொள்ளவில்லையே.

மோல்மேன் மருமகள்:

தம்பி, உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் கேளுங்கள். 1964 மே மாதம் ஐம்பது, நூறு சாட் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். கடைகள் அதற்கு முன்பே அரசுடைமை ஆகியிருந்தன. என் மாமியாரின் அக்கா குடும்பம் கப்பலேறியது. எல்லாம் விட்டுப் போகிற நேரத்தில் அந்த அம்மாள் தேங்காயை மட்டும் எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டுப் பர்மியக் கிழவியிடம் கொடுத்தாராம். "தண்ணி வத்தாம பாத்துக்கோ" என்று. அந்தக் கிழவி சாகும்வரை இரண்டு தேங்காய் வைத்திருந்தாள். என் மாமியார் கண்ணால் பார்த்தது.

நமக்கும் இது புதிதா? மதுரை வீரனை மாறுகால் மாறுகை வாங்கினார்கள், பிறகு கும்பிட்டோம். அநியாயமாகச் செத்தவரைப் பார்த்துக்கொள்ள நம் ஆட்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தமிழும் எழுதச் சொல்லிக் கொடுப்போம், தேங்காயும் இருக்கட்டும்.

பெகு பேத்தி:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா எழுதியதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தங்கை தீயில் விழுந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

காலையில் சூரியன் வந்த பக்கத்தை வைத்துப் பார்த்தேன். அப்பாயியின் தூண் தென்கிழக்குத்தான். புதுக் கூடத்தில் அதே மூலையில் சுவரில் ஒரு கொக்கி விடும்படி கொத்தனாரிடம் சொல்லியாகிவிட்டது. சமையலறை அந்தப் பக்கம்தான் வருவதாக இருந்தது. அடுப்பு பக்கத்தில் வேண்டாம் என்று அம்மா சொன்னதால் வரைபடத்தை மாற்றுகிறோம். வேலை முடியும்வரை காய் அத்தை வீட்டில் இருக்கும். எடுக்கும்போது ஆட்டிப் பார்த்தேன், தண்ணீர் இருக்கிறது.